ஜன கண மன: யாரைப் பாடுகிறோம், அந்தப் பாட்டில் நாம் எங்கே இருக்கிறோம்?

நாஞ்சில்வாசகன் (நாகர்கோவில்)

குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் ஒத்திகை நடக்கிறது. ஏழாம் வகுப்புப் படிக்கிற என் மகள் முந்தாநாள் சாயங்காலம் வந்து, "மங்கள தாயக என்றால் நம்ம தாயகம்தானே அப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி சந்தேகம் வந்து தேடிப் பார்த்தால் அது தாயகமே இல்லை. தானம் என்று சொல்கிறோமே, அந்தத் தா. தாயக என்றால் தருபவன். ஜன கண மங்கள தாயக என்றால் மக்களுக்கு நன்மையைத் தருபவனே என்று அர்த்தம். பள்ளியில் பத்துப் பன்னிரண்டு வருஷம் தினமும் நின்று பாடியிருக்கிறேன், ஒரு வாத்தியாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அது எனக்கு உறுத்துகிறது.

மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒருவர் பழைய செய்தியைப் போட்டார். இது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை வரவேற்கப் பாடிய பாட்டு, சுதந்திர நாட்டுக்கு இது எதற்கு என்று. எங்கள் குழுவில் ஆளாளுக்குச் சண்டை. அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன். மன்னர் கதை உண்மையா? உண்மை இல்லையென்றால் அந்த "பாரத பாக்ய விதாதா" யார்? அப்புறம் இன்னொன்று. பாட்டில் பஞ்சாப், சிந்து, குஜராத், மராட்டா, திராவிட, உத்கல (ஒடிசா), வங்கம் என்று வருகிறது. அஸ்ஸாம் இல்லை, காஷ்மீர் இல்லை. நம் குமரி மாவட்டம் அன்றைக்குத் திருவிதாங்கூர் ராஜாவிடம் இருந்தது. நாம் அந்தத் திராவிடத்தில் சேர்த்தியா இல்லையா?

தக்கலைத்தம்பி

மாமா சொன்னது சரிதான் அண்ணாச்சி. தேதிகளைப் பாருங்கள். 1911 டிசம்பர் 12 அன்று டெல்லியில் ஐந்தாம் ஜார்ஜுக்கு தர்பார். டிசம்பர் 27 அன்று கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் இந்தப் பாட்டு முதல்முறையாகப் பாடப்படுகிறது. நடுவில் பதினைந்தே நாள். அதே மாநாட்டில் மன்னருக்கு வரவேற்புத் தீர்மானமும் போட்டார்கள், ஏனென்றால் வங்கப் பிரிவினையை ரத்துசெய்வதாக தர்பாரில் அறிவித்திருந்தார். கல்கத்தா ஆங்கிலப் பத்திரிகைகள் அப்போதே இது மன்னரை வரவேற்று எழுதிய பாட்டு என்றுதான் எழுதின. வார்த்தைகளைப் பாருங்கள்: அதிநாயகன், விதியை வகுப்பவன், உனக்கு வெற்றி, உன் புகழைப் பாடுகிறோம். ராஜாவிடம் பேசுகிற பேச்சுதானே இது? நாடு விடுதலையான பிறகும் இதை வைத்துக்கொண்டிருப்பது எனக்கு ஒப்பவில்லை.

கல்குளத்துவாத்தியார்

மக்களே, நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி சொன்ன தேதிகள் சரி. ஆனால் அதே மாநாட்டில் வேறொரு பாட்டும் பாடப்பட்டது. ராம்புஜ் சௌத்ரி எழுதிய இந்திப் பாட்டு, "பாதுஷா ஹமாரா" என்று தொடங்குவது. அதுதான் மன்னரைப் பாராட்டியது. ஒரே நாளில் இரண்டு பாட்டு, ஒரு தீர்மானம். வங்காளம் தெரியாத நிருபர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பி எழுதிவிட்டார்கள். தாகூரே 1937 நவம்பரில் புலின்பிஹாரி சென்னுக்கு எழுதிய கடிதத்தில் இதை விளக்கியிருக்கிறார். அரசாங்க வட்டாரத்தில் இருந்த ஒரு நண்பர் மன்னரைப் பாராட்டிப் பாட்டு எழுதித் தரச் சொன்னார், அந்தக் கேள்வியே மனத்தைக் கலக்கியது, அந்தக் கலக்கத்தில்தான் யுகயுகமாக இந்த நாட்டை நடத்திச் செல்கிறவனைப் பாடினேன், அந்தத் தேரோட்டி ஐந்தாம் ஜார்ஜாகவோ ஆறாம் ஜார்ஜாகவோ வேறெந்த ஜார்ஜாகவோ இருக்க முடியாது என்கிறார்.

சரி, கவிஞர் பின்னால் சொன்னதை நம்ப வேண்டாம் என்பவர்களுக்குப் பாட்டே இருக்கிறது. நாம் பாடுவது முதல் பத்தி மட்டும். மொத்தம் ஐந்து பத்தி. மூன்றாவதில் விழுந்தும் எழுந்தும் போகிற கரடுமுரடான பாதை, அதில் யுகம் யுகமாக ஓடுகிற யாத்திரிகர்கள், அவர்களுக்கு முன்னால் என்றைக்கும் இருக்கிற சாரதி. "ஹே சிரசாரதி" என்று கூப்பிடுகிறார். நான்காவது பத்தியில் இருட்டு, நோய், மயக்கம். அந்தக் கெட்ட கனவில் பிள்ளையை மடியில் வைத்துக் காத்தாய், "சிநேகமயி துமி மாதா", அன்பே உருவான தாய் நீ என்கிறார். லண்டனிலிருந்து கப்பலில் வந்த மன்னரை யாராவது தாயே என்று கூப்பிடுவார்களா? யுகயுகமாகத் தேர் ஓட்டுகிறாய் என்பார்களா?

இன்னொன்று சொல்லவேண்டும், இதை நம் மாவட்டத்துக்காரர்கள்தான் சொல்ல முடியும். ராஜாவைப் பாடுகிற பாட்டு எப்படி இருக்கும் என்று நமக்கு நன்றாகத் தெரியும். "வஞ்சி பூமி பதே சிரம்" என்று உள்ளூர் பரமேஸ்வரய்யர் எழுதிய திருவிதாங்கூர் சமஸ்தான கீதம். மலையாளப் பாட்டு. எங்கள் அப்பா பள்ளிக்கூடத்தில் அதைப் பாடியவர், வயதான காலத்திலும் வரி தப்பாமல் சொல்வார். அதில் என்ன கேட்கிறோம்? வஞ்சி நாட்டு அரசனே, நீ நீடூழி வெற்றியோடு இருக்கவேண்டும், தெய்வம் உனக்கு உடல்நலம் தரவேண்டும், உன் பெயர் உலகில் விளங்கவேண்டும், உன் குலம் மேன்மேலும் செழிக்கவேண்டும். குடிகள் ராஜாவுக்காகக் கடவுளிடம் வேண்டுவதுதான் ராஜகீதம். இங்கிலாந்துக்காரனின் பாட்டும் அதே கதைதான், கடவுளே எங்கள் ராஜாவைக் காப்பாற்று என்று.

ஜன கண மனவில் அப்படி ஒரு வேண்டுதல் எங்காவது இருக்கிறதா? அவனுக்கு ஆயுசு கொடு, ஆட்சி கொடு, வாரிசு கொடு என்று ஒரு சொல் இல்லை. வேண்டுகிறவர்கள் ஜனங்கள். "தவ சுப ஆசிஷ மாகே", உன் ஆசியைக் கேட்கிறோம். யாருக்காக வேண்டுகிறோம் என்று பாருங்கள், அது போதும். ராஜாவுக்கு நாம் ஆயுள் வேண்டுவோம், கடவுளுக்கு வேண்டமாட்டோம்.

தக்கலைத்தம்பி

வாத்தியார் சார், வஞ்சி பூமி ஒப்பீடு எனக்குப் புதிது, ஒத்துக்கொள்கிறேன். அதை யோசித்ததே இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில் "ஜய ராஜேஸ்வர" என்று வருகிறதே? அது ராஜா இல்லையா?

கல்குளத்துவாத்தியார்

வருகிறது தம்பி, நல்ல கேள்வி. அந்தப் பத்தி முழுவதையும் பாருங்கள். ராத்திரி விடிந்தது, கிழக்கே உதயகிரியின் நெற்றியில் சூரியன் எழுந்தான், பறவைகள் பாடுகின்றன, உன் கருணையால் தூங்கிய பாரதம் விழித்தது என்று போய், ராஜேஸ்வரனே என்று முடிகிறது. ராஜாக்களுக்கெல்லாம் ஈஸ்வரன். கோயிலில் ராஜராஜேஸ்வரி என்று அம்மனைச் சொன்னால் அரண்மனை ராணியையா சொல்கிறோம்? ஆனாலும் அந்தக் காலத்துக் காதுக்கு அந்தச் சொல் இரண்டு பக்கமும் கேட்டிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. தாகூருக்கு 1915இல் சர் பட்டம் கிடைத்தது. 1919இல் ஜாலியன்வாலா பாக் நடந்ததும் அது வேண்டாம் என்று வைஸ்ராய்க்கே கடிதம் எழுதியவர் அவர்.

குளச்சல்அலை

நான் கடலுக்குப் போகிற குடும்பம். படிப்பு பிளஸ் டூ வரைதான், சார் மாதிரி எழுத வராது. ஆனால் அண்ணாச்சி "நாம் எங்கே இருக்கிறோம்" என்று கேட்டதைப் பார்த்ததும் சொல்லவேண்டும் என்று தோன்றியது. விந்தியம் வருகிறது, இமயம் வருகிறது, யமுனை கங்கை வருகிறது. காவிரி இல்லை, தாமிரபரணி இல்லை, நம் குழித்துறை ஆறு கண்டிப்பாக இல்லை. எனக்கும் சின்ன வயசில் வருத்தம்தான். பிறகு ஒரு தடவை எங்கள் பங்கில் ஒரு ஃபாதர் அர்த்தம் சொல்லும்போது "உச்சல ஜலதி தரங்க" என்றால் பொங்கி எழுகிற கடலின் அலைகள் என்றார். அன்றையிலிருந்து அந்த இடம் வரும்போது எனக்கு மட்டும் கொஞ்சம் சத்தமாகப் பாடத் தோன்றும். இமயத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கி வந்தால் நிலம் முடிகிற இடம் நம் ஊர்தானே. ஆனி ஆடியில் கரையில் வந்து நின்று பாருங்கள், உச்சல என்றால் என்ன என்று தெரியும். தேசத்தின் பாட்டில் மலைக்கும் ஆற்றுக்கும் பக்கத்தில் அலைக்கும் இடம் கொடுத்த மனுஷனை நான் குறை சொல்லமாட்டேன்.

விளவங்கோட்டான்

எனக்கு ராஜா பிரச்சினை இல்லை, வாத்தியார் சொன்னதே போதும். என் பிரச்சினை பட்டியல். சிந்து இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. வடகிழக்கு முழுவதும் விட்டுப்போயிருக்கிறது. தெற்கே ஐந்து மாநிலத்தையும் "திராவிட" என்ற ஒரு சொல்லில் அடைத்தாயிற்று. திருவிதாங்கூரில் தமிழ் பேசியதற்காக நம் ஆட்கள் பட்ட பாடு கொஞ்சமா? 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள். மார்ஷல் நேசமணியும் அவரோடு இருந்தவர்களும் போராடித்தான் 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. எந்த மாநிலம், எந்தப் பெயர் என்பதற்கு உயிரைக் கொடுத்த ஊர் இது. எங்கள் தாத்தா தலைமுறை அடிபட்டதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் "பெயரில் என்ன இருக்கிறது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்று. 1950 ஜனவரி 24 அன்று ராஜேந்திர பிரசாத் அரசியல் நிர்ணய சபையில் இதை தேசிய கீதம் என்று அறிவித்தபோதே, தேவைப்பட்டால் அரசாங்கம் வார்த்தைகளில் மாற்றம் செய்யலாம் என்ற நிபந்தனையோடுதான் அறிவித்தார். வாக்கெடுப்பும் நடக்கவில்லை. அப்போது மாற்றுவதில் என்ன தவறு?

நாஞ்சில்வாசகன்

அந்த நிபந்தனை எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் பட்டியல் பற்றி இரண்டு நாளாக யோசித்ததில் ஒன்று பட்டது. 1911இல் இந்த ஏழு பெயர்களும் மாகாணங்களா? பஞ்சாப் மாகாணம், வங்கம் மாகாணம். சிந்து பம்பாய் மாகாணத்துக்குள் இருந்தது. குஜராத்தும் மராட்டியமும் அதே பம்பாய் மாகாணத்திலும் பல ராஜாக்களின் கையிலும் சிதறிக் கிடந்தன. உத்கலத்துக்குத் தனி மாகாணமே கிடையாது, 1936இல்தான் கிடைத்தது. திராவிடம் என்று எந்த அரசாங்கப் படத்திலும் இல்லை. வெள்ளைக்காரன் வரைந்த படத்தை வைத்து தாகூர் எழுதியிருந்தால் மதராஸ், பம்பாய் என்றுதான் வந்திருக்கும். அவர் எழுதியது ஜனங்களின் பெயர். அப்படிப் பார்த்தால் திருவிதாங்கூர் எல்லைக்குள் இருந்த நம் பாட்டாமார்களும் அந்தத் "திராவிட"வில் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? ராஜா யாராக இருந்தாலும் சரி, கொடி எதுவாக இருந்தாலும் சரி. நேசமணி கேட்டதும் அதைத்தானே, எல்லைக்கோடு எங்கே போனாலும் ஜனம் எந்த ஜனமோ அந்த ஜனம்தான் என்று.

சிந்துவும் அதே மாதிரிதான். நிலம் போய்விட்டது. ஆனால் வீட்டை விட்டுவிட்டு ஓடிவந்த சிந்தி மக்கள் இங்கேதான் இருக்கிறார்கள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டுக் காஷ்மீரைப் போடவேண்டும் என்று ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார், 2005இல் தள்ளுபடி ஆயிற்று. தேசிய கீதம் நாட்டின் எல்லையைக் குறித்துவைக்கிற ஆவணம் இல்லை என்ற கருத்தில்தான் தீர்ப்பு வந்தது.

விளவங்கோட்டான்

ஜனங்களின் பெயர் என்று சொன்னது நன்றாக இருக்கிறது. ஆனாலும் அஸ்ஸாம்காரனிடம் இதையே சொல்லிப் பாருங்கள், அவன் ஜனம் எங்கே என்று கேட்பான். அதற்கு என்ன பதில்?

நாஞ்சில்வாசகன்

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் கேட்பது நியாயம்.

மார்த்தாண்டம்மேஸ்திரி

நான் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். என்னிடம் முர்ஷிதாபாத் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் வேலை செய்கிறார்கள். இந்த இழையைப் படித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் ஒருவனிடம் பாட்டைச் சொல்லச் சொன்னேன். "ஜொனோ கொனோ மொனோ" என்று ஆரம்பித்தான். எனக்கு வேறு பாட்டு மாதிரி இருந்தது. அவன் வாயில் அது மிருதுவாக, ஓ ஓ என்று உருண்டு வருகிறது. நாம் பாடுவது இந்தி உச்சரிப்பு, பாட்டு வங்காளம். அர்த்தம் கேட்டேன், "பாக்கோ பிதாதா" வரைக்கும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். பாக்கியம், விதி என்று நான் சொன்னதும் புரிந்துகொண்டு தலையாட்டினான். பாக்கியமும் விதியும் அவனுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், இத்தனை நாள் சிமென்ட் மண் தவிர ஒரு வார்த்தை பொதுவாக இல்லையே என்று நினைத்திருந்தேன். அவன் ஊரில் பள்ளிக்கூடத்திலும் ஒரு பத்தி மட்டும்தானாம்.

தோவாளைக்காரி

எல்லோரும் அர்த்தத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், பாடவைக்கிற விதத்தைப் பற்றியும் பேசவேண்டும். 2017இல் அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு தியேட்டருக்குப் போனேன். எந்தத் தியேட்டர் என்று சொல்ல வேண்டாம். அப்போது படம் தொடங்குமுன் தேசிய கீதம் போடவேண்டும், எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும் என்று உச்ச நீதிமன்ற உத்தரவு இருந்தது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வீங்கி, கைப்பிடியைப் பிடித்து எழுவதற்குள் பாட்டு பாதி முடிந்துவிட்டது. பின்னால் இருந்த ஒரு ஆள் "நாட்டுப்பற்று இல்லாதவங்க" என்று சத்தம் போட்டான். நடக்க முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு என்று அதே நீதிமன்றம் பத்தே நாளில் சொல்லியிருந்தது, அவனுக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அம்மா படம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் தாத்தா சுதந்திரப் போராட்டத்தில் அடிவாங்கியவர், அவருடைய மகள் அவள். 2018 ஜனவரியில் தியேட்டரில் போடுவது கட்டாயமில்லை என்று மாற்றிவிட்டார்கள். மாற்றிய அன்று நான் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

கருங்கல்சகோதரன்

அக்கா, படிக்கும்போதே மனசு கனத்தது. இதோடு சேர்ந்த ஒரு விஷயம். 1985இல் பக்கத்துக் கேரளத்தில் யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர் காலையில் எழுந்து நிற்பார்கள், பாடமாட்டார்கள், கடவுளைத் தவிர வேறெதையும் பாடக்கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவரான பிஜோ இம்மானுவேல் பெயரில் வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1986இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பு எழுதினார். மரியாதையாக நின்றால் போதும், பாடாதது அவமதிப்பு ஆகாது, நம் மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, அதை நீர்த்துப்போக விடவேண்டாம் என்ற பொருளில் முடிகிறது. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை, நான் பாடுகிறவன். ஆனால் இந்தப் பாட்டின் இரண்டாவது பத்தியில் இந்து, பௌத்தர், சீக்கியர், சமணர், பார்சி, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் உன் அரியணையின் பக்கம் வந்து அன்பு மாலை கட்டுகிறார்கள் என்று வருகிறது. அப்படி எழுதிய பாட்டைப் பாடவில்லை என்று மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தினால் அந்தப் பத்தி யாருக்காக எழுதியது?

கல்குளத்துவாத்தியார்

நல்ல இடத்துக்குக் கொண்டுவந்தீர்கள். அந்த இரண்டாவது பத்தியைப் பிள்ளைகளுக்கு ஒருமுறையாவது காட்டவேண்டும்.

விளவங்கோட்டாருக்கு ஒரு வார்த்தை. மாற்றவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆஸ்திரேலியா 2021இல் ஒரு சொல்லை மாற்றியது. கனடா 2018இல் மாற்றியது. இலங்கையில் "நமோ நமோ மாதா" என்று ஆனந்த சமரக்கோன் எழுதியதை, நாட்டுக்கு ஆகாத எழுத்தில் தொடங்குகிறது என்ற பேச்சில் 1961இல் "ஸ்ரீலங்கா மாதா" என்று திருத்தினார்கள், அந்த மனுஷன் அடுத்த வருஷம் மனம் நொந்து செத்தே போனார். நம் தமிழ்த்தாய் வாழ்த்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மனோன்மணியம் சுந்தரனார் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்து 1891இல் வெளியிட்ட நாடகத்தில் வருவது, அன்றைக்கு நாமும் அவரும் ஒரே சமஸ்தானம். 1970இல் அரசு அதை எடுத்தபோது "ஆரியம்போல் உலகவழக்கு அழிந்தொழிந்து" என்ற வரியையும் பரம்பொருள் வரியையும் விட்டுவிட்டார்கள். இன்னொரு மொழியைத் தாழ்த்தி நம் மொழியை வாழ்த்தவேண்டாம் என்று. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. ஆனால் அங்கே செய்தது குறைத்தது, கவிஞரின் வாயில் வேறு சொல்லை வைக்கவில்லை. இங்கே அஸ்ஸாமை நுழைத்தால் நாளைக்கு மணிப்பூர், மறுநாள் தெலங்கானா. 52 விநாடியில் எத்தனை பேரை நிற்கவைப்பீர்கள்? அந்தத் தாளத்தில் எந்த ஊர்ப் பெயர் உட்காரும்?

தக்கலைத்தம்பி

சார், பாட்டை மாற்றவேண்டும் என்று முதலில் எழுதியதை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு குறை தீரவில்லை. இவ்வளவு அர்த்தம் உள்ளே இருக்கிறது, பன்னிரண்டு வருஷம் பாடவைத்தவர்கள் ஒரே ஒரு நாள் சொல்லித் தந்திருந்தால் நான் வாட்ஸ்அப் செய்தியை நம்பியிருக்கமாட்டேன். "ஜாகே" என்றால் விழிக்கிறது, "மாகே" என்றால் கேட்கிறது, "காஹே" என்றால் பாடுகிறது. மூன்றே மூன்று வினைச்சொல், அதைக்கூடச் சொல்லவில்லை. நேராக நில், கையை ஆட்டாதே, இதுதான் எங்களுக்குச் சொன்னது.

நாஞ்சில்வாசகன்

தம்பி சொன்னதுதான் என் மனசிலும். அதனால் ஒன்று செய்யலாம் என்று இருக்கிறேன். 26ஆம் தேதி கொடியேற்றம் முடிந்து எங்கள் தெரு வாசகசாலையில் பிள்ளைகள் வருவார்கள், மிட்டாய் கொடுப்போம். இந்த முறை ஐந்து பத்தியையும் தமிழில் எழுதி, மூல வரியைத் தமிழ் எழுத்தில் பக்கத்தில் போட்டு, ஆளுக்கு ஒரு தாள் கொடுக்கலாம். வஞ்சி பூமியையும் சேர்த்துப் போட்டு இரண்டையும் வாசித்துக் காட்டவேண்டும், வாத்தியார் சார் வந்தால் நன்றாக இருக்கும். மேஸ்திரி அண்ணே, அந்தப் பையனை ஒரு அரை மணி நேரம் அனுப்ப முடியுமா? பிள்ளைகள் "ஜொனோ கொனோ" கேட்கட்டும். மகளிடம் தாயக என்ற சொல்லைத் திருத்திச் சொல்லிவிட்டேன், நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மார்த்தாண்டம்மேஸ்திரி

அன்றைக்கு லீவுதான், நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். அவனுக்குக் கொஞ்சம் கூச்சம். நாலு பேரையும் சேர்த்துக் கூட்டிவந்தால் பாடுவான்.

கல்குளத்துவாத்தியார்

வருகிறேன். வஞ்சி பூமியின் வரிகளை அப்பா சொல்லக் கேட்டு ஒரு பழைய நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன், எடுத்துவருகிறேன். கோட்டாற்றில் இறங்கி எப்படி வரவேண்டும் என்று மட்டும் தனிச் செய்தியில் போடுங்கள்.

குளச்சல்அலை

காலையில் பூசைக்கும் கொடியேற்றத்துக்கும் நிற்கவேண்டும், பதினொரு மணிக்கு மேல் என்றால் நானும் வருவேன். இரண்டாவது பத்தியின் தாள் எனக்கு ஐம்பது பிரதி கூடுதலாக வேண்டும், எங்கள் மறைக்கல்விப் பிள்ளைகளுக்குக் கொடுக்க. ஜெராக்ஸ் செலவு நான் தருகிறேன்.